பல்தடம் பதிந்த மரக்கரண்டி

என் அருமைக் கிழவனுக்கு,

எடின்பரோ பார்லிமெண்டில் என் அறையைக் காலி செய்துவிட்டேன். மேசை டிராயரில் நம் மரக்கரண்டி இருந்தது. துணைக்கு இருக்கட்டும் என்று போன வருஷம் நான் எடுத்துவந்தது.

முதல் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? ஒரு வீட்டுக் கதவின் தபால் துளைக்குள் கையை விட்டு நோட்டீஸைத் தள்ளினேன். உள்ளே இருந்த நாய் விரலைக் கவ்வியது. மறுநாள் நீ ஓட்ஸ் கஞ்சி கிண்டும் கரண்டியோடு வந்து நின்றாய். "இத வச்சுத் தள்ளு. விரல் போயிட்டா யாருக்குடி கைகுடுப்ப?" என்றாய். அப்புறம் ஐந்து தேர்தல், நம் தீவு முழுக்க, கொட்டும் மழையில் நீதான் தள்ளினாய்; நாய்கள் கடித்ததெல்லாம் கரண்டியைத்தான்.

தபால் நிலையத்து இஷ்பெல் நேற்று போனில் சொன்னாள்: "உன் மூஞ்சிக்கா ஓட்டுப் போட்டோம்? நனைஞ்சுக்கிட்டு நின்ன உன் புருஷனுக்குல்ல போட்டோம்!" சத்தியமான வார்த்தை.

கட்சித் தலைவர்தான் விடவில்லை. "மந்திரி பதவி தேடி வருது, இப்பப் போய் விலகுறீங்களே?" என்றார். முட்டிவலி என்றேன். என் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

நர்ஸ் இதை உனக்குப் படித்துக் காட்டுவாள். பதில் சொல்லச் சிரமப்படாதே; இடது கையால் அவள் விரலை அழுத்து, போதும். வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை.

கரண்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். இனிக் கஞ்சி நானே கிண்டுவேன், நானே ஊட்டுவேன். கடித்தால் கடி. தடத்தோடு தடமாக உன்னுடையதும் இருக்கட்டும்.

இருபது வருஷம் உன்னைக் காக்கவைத்தவள்