பாய் எரிக்க அனுமதி

18-4-1968, வியாழன்

ஊரில் கூரை வீடுகள் தீப்பற்றிக்கொண்டதிலிருந்து, எங்கள் முனிசிபல் ஆபீஸ் அனுமதி இல்லாமல் தெருவில் எதையும் கொளுத்தக் கூடாது. போன வாரம் செல்லம்மா வந்தாள். புருஷன் காசநோயில் செத்துப்போனான். அவன் படுத்த பாயை எரித்துவிடச் சொன்னாராம் டாக்டர். கையெழுத்துப் போடுகிறவர் லீவு. "கொளுத்தினா அபராதம், அடுத்த வாரம் வாம்மா" என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

அவள் வரவில்லை. இன்று நானே அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் அவள் வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் சூளைப் புகை.

"இனிமே எதுக்குங்க? பொண்ணு அதுலதான் படுத்துக்குது. வூட்டுல வேற பாய் ஏது?"

உள்ளே அந்தப் பெண் இருமினாள். சீட்டைக் கொடுத்ததற்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

படுக்க விரித்தபோதுதான் பார்த்தேன். என் வீட்டு மூலையில் இன்னும் மூன்று பாய் சுருட்டியே நிற்கிறது.