முப்பத்தேழு வளையங்கள்

ஜூன் 9, திங்கள்

சுற்று ஊர்ப் பள்ளிகளில் எடுத்த உயரம், எடை விவரம் முழுவதும் வந்துவிட்டது. நாலாயிரத்து எண்ணூறு பிள்ளைகள். பெயரும் விலாசமும் பள்ளிகளிடம்தான்; எங்களிடம் எண், பள்ளி, ஆணா பெண்ணா, பிறந்த தேதி மட்டும். பிள்ளைக்கு ஒரு புள்ளியாக வரைபடம் போட்டுக் காட்டினேன். இந்த ஆய்வை நடத்தும் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

“என்னம்மா, எள்ளைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு? எடை ரொம்பக் குறைஞ்ச பிள்ளைங்க மட்டும் பளிச்சுன்னு தெரியணும். அவங்க வீட்டுக்குத்தான் லெட்டர் போகணும்.”

ஜூன் 10, செவ்வாய்

அந்தப் பிள்ளைகளின் புள்ளிகளுக்குச் சிவப்பு அடித்தேன். தெரியவில்லை. முதலில் வரைந்த புள்ளிகள்மேல் மற்றவை ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. நாள் முழுக்க மல்லுக்கட்டு.

ஜூன் 12, வியாழன்

வழி கிடைத்தது. கூட்டம் முழுவதையும் வெளிர்ச் சாம்பலாக்கி மங்கவைத்தேன். எடை குறைந்த பிள்ளைகளைக் கடைசியில், சற்றுப் பெரிதாக, கறுப்பு விளிம்போடு வரையும்படி கணினி நிரலை மாற்றினேன். நாலே வரி. முப்பத்தேழு வளையங்கள் மேலே வந்து நின்றன.

சரிபார்க்க ஒவ்வொன்றின் மேலும் மவுஸை வைத்து விவரம் பார்த்தேன். பத்தொன்பதாவதில் கை நின்றுவிட்டது. என் மகள் பிறந்த தேதி. அவள் பள்ளி. அங்கே அந்தத் தேதியில் பிறந்த பெண் வேறு யாரும் இல்லை — தேடிப் பார்த்துவிட்டேன்.

நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர். இருபத்தாறு கிலோ.

இந்த வேலைக்காக நான் ஊர் மாறியபோது, “நீ போறதுன்னா போ. நான் அப்பாகூட இருந்துக்கிறேன்” என்றவள். அப்புறம் இரண்டு வருடமாகப் போனுக்குக்கூட வரவில்லை. எவ்வளவு வளர்ந்துட்டா! ஏன்டி சாப்பிட மாட்டேங்கிற? யாரு உனக்கு —

ஜூன் 13, வெள்ளி

மறைக்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“இதை வச்சு நீ வீட்டுக்குப் போன் பண்ணினா, நாளைக்கு எந்தப் பெத்தவங்க நம்மள நம்புவாங்க? லெட்டர் போகும். பொறுத்துக்கோ.”

அந்தப் பள்ளியின் விவரத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். நியாயம்தான். நியாயம் என்றால் வலிக்காதா?

ஜூன் 19, வியாழன்

லெட்டர் கட்டு இன்று பள்ளிகளுக்குத் தபாலில் போனது; வீட்டுக்கு அவர்கள் அனுப்புவார்கள். நான் தொடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அவளுடைய அப்பா போன் செய்தார். இரண்டு வருடத்தில் அவராகச் செய்தது இதுதான் முதல் தடவை.

“லெட்டர் வந்திருக்கு. மதியச் சாப்பாட்ட தினமும் ஸ்கூல்லேருந்து வர்ற வழியிலேயே கொட்டிட்டு வந்திருக்கா. அங்க கூட உக்கார ஆள் இல்லையாம், தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கலையாம். எனக்குத் தெரியாமப் போச்சு.”

எப்படித் தெரியாமப் போச்சு என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“பக்கத்துலதான் இருக்கா. பேசுறியா?”

போன் கை மாறியது. பிறகு அவள் குரல். கொஞ்சம் மாறியிருந்தது.

“நீ அங்க யார்கூட சாப்பிடுற?”

“தனியாத்தான்டி.”

வேறு எதுவும் கேட்கவில்லை. வைக்கவும் இல்லை.

ஜூலை 12, சனி

காலையில் அவளை அவள் அப்பா கொண்டுவந்து விட்டுப் போனார். அவள் என்னிடம் பேசியது நாலைந்து வார்த்தை. ஆனால் எதிரே உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இப்போது என் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்குகிறாள்.

ஐந்து மணிக்கு அவர் வருவார். நாலரை ஆகிவிட்டது. எழுப்ப வேண்டும்.

இன்னும் பத்து நிமிடம்.