துரை எழுதித் தராத அத்தாட்சி

சிவமயம்

ஹல்துமுல்லை,
12.7.59

அன்புள்ள மகன் ஜெயரட்ணத்துக்கு,

இஞ்ச மழையும் குளிரும் எண்டாலும் அப்பாவும் நானும் சுகம், சிங்கப்பூரில நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு எழுதுறன். உன்ர கடிதம் கிடைச்சது. கம்பனி கைமாறினதால சம்பள அத்தாட்சி இன்னும் தரேல்லை, தரட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன், வரிக் கந்தோருக்கு ஒண்டும் அனுப்பேல்லை எண்டு எழுதியிருந்தாய். பார்த்துக்கொண்டிராதை மகன். இந்த வருஷம் எங்களுக்கும் இதேதான் நடந்தது, நீ யோசிப்பாய் எண்டு எழுதாமல் விட்டனான்.

தேயிலைத் தோட்டம் விலைப்பட்டு, அதை நடத்தின பழைய துரை கப்பலேறினவர், ஒருத்தருக்கும் அத்தாட்சி எழுதிக் குடுக்காமலே போயிட்டார். புதுத் துரையிட்டை அப்பா கேட்டதுக்கு, தான் வரமுந்திக் குடுத்த சம்பளத்துக்குத் தான் கையெழுத்து வைக்கேலாது எண்டு சொல்லிப்போட்டார். தேயிலை ஆலையைப் பார்க்கிற டீமேக்கர் வீரசிங்கமும் மற்ற உத்தியோகத்தரும் இதைக் கிளறினால் வேலை போயிடும் எண்டு பேசாமல் இருந்திட்டினம், அப்பாவும் அப்பிடித்தான். பிறகு, வருமானக் கணக்கு வராட்டில் தாங்களே ஒரு மதிப்புப் போட்டு வரி அறவிடுவம் எண்டு வரிக் கந்தோரிலையிருந்து இரண்டாந்தரமும் நோட்டீஸ் வந்தது. அண்டைக்கு அப்பா சாப்பிடேல்லை. நான்தான் சம்பளக் கவர்களைத் தேடி எடுத்துவைச்சு, உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ, துரை தர மறுத்ததையும் சேர்த்து எழுதுங்கோ எண்டு சொல்லிப் பக்கத்தில இருந்தன். பிரதி ஒண்டு வைச்சுக்கொண்டு பதிவுத் தபாலில போட்டம்.

வரிக் கந்தோர், ஏன் அத்தாட்சி குடுக்கேல்லை எண்டு நேரை புதுத் துரைக்கு எழுதிவிட்டுது. ஒரு வெள்ளிக்கிழமை, காலமை பேர் பதியிற பெரட்டு முடிஞ்சு ஆக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு, டிஸ்பென்சரியில மருந்து கலந்துகொண்டு நிண்ட அப்பாவைத் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டார். நாங்கள் இருக்கிற வீடும் வேலையோட சேர்ந்ததுதானே, அவர் போன கையோட நான் சாமான்களைப் பெட்டியில அடுக்கத் தொடங்கினன். தொழிலாளர் லயத்து மாரியாயி வந்து, ஐயாவ அனுப்பிட்டா எங்களுக்கு மருந்து குடுக்க யாருங்கம்மா இருக்கா எண்டு கேட்டு அழுதுகொண்டே எனக்குக் கயிறு கட்டித் தந்தாள்.

துரை அப்பாவை இருக்கச் சொல்லேல்லையாம். கந்தோருக்கு ஏன் எழுதினீர் எண்டு கேட்டிருக்கிறார். "நீங்கள் தந்திருந்தால் எழுதியிருக்கமாட்டன், சேர்" எண்டு அப்பா சொன்னாராம். எனக்கு இண்டைக்கும் நம்பேலாமல் கிடக்கு. துரை, பழைய சம்பளப் புத்தகங்களைப் பார்த்து எல்லா உத்தியோகத்தருக்கும் அத்தாட்சி எழுதச் சொல்லி பெரிய கிளாக்கருக்கு உத்தரவு போட்டார். அப்பா வந்து பெட்டிகளைப் பார்த்தார், கயிறை அவிழ்த்தார். வரிக் கந்தோரும் அவர் எழுதின கணக்கை ஏற்றுக்கொண்டுது. வீரசிங்கம் தன்ர அத்தாட்சியை வாங்கிக்கொண்டு போகேக்கை அப்பாவின்ர முகத்தைப் பார்க்கேல்லை, வெட்கமோ பயமோ தெரியாது.

ஆனபடியால் நீயும் கம்பனியிட்டை வாயால கேளாமல் எழுத்தில கேள். தவணைக்கு முந்தி, கையில இருக்கிற சம்பளத் துண்டுகளை வைச்சுக் கணக்கைக் குடுத்து, அத்தாட்சி வரேல்லை எண்டதையும் எழுது. ஹோட்டல் சாப்பாட்டைக் குறை. இதை அப்பாவையே எழுதச் சொன்னனான், தான் எழுதினால் பெருமை அடிக்கிற மாதிரி இருக்கும் எண்டு என்னட்டைப் பேனையைத் தந்திட்டுப் போயிட்டார்.

கடவுள் உன்னோட நிற்பார் மகன். கணக்கை அனுப்பினவுடனை எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன்ர அம்மா
கமலாம்பிகை