வரிசையில் கொடுத்த கை

செம்பனைத் தோட்டம், சபா, மலேசியா

அம்மாவுக்கு ஜுனைதியின் ஸலாம். உன் மூச்சிரைப்பு தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். நோன்பு ஒன்றையும் விடவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. நோன்பு தொடங்குவதற்கு முந்தைய மாலை, நம் லொம்போக் தீவில் செய்வதைப் போலவே, பள்ளிவாசலில் வரிசையாக நின்று கைகொடுத்து ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டோம். தலையைக் குனிந்தபடி "மன்னிச்சுட்டேன், மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கை மட்டும் என் கையை விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சஹ்னுன். போனைப் பார்த்துக்கொண்டே நம் தம்பி சுல்பான்மேல் டிராக்டரை ஏற்றிக் கொன்ற அதே சஹ்னுன்.

"நெசமாவாண்ணே சொல்றீங்க?" என்று விம்மினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையாட்டிவிட்டேன்.

மறுநாளிலிருந்து நோன்பு திறக்க என் பக்கத்தில்தான் உட்காருகிறான். முதல் பேரீச்சம்பழத்தை எனக்குத்தான் நீட்டுகிறான். "உனக்குப் பெரிய மனசுய்யா" என்கிறார்கள் கூட இருப்பவர்கள்.

கொஞ்சம் மிளகாய் விழுது அனுப்பு, சோறு இறங்கவில்லை. தம்பியின் பச்சைக் கைலியையும் அனுப்பு, பெருநாளுக்குக் கட்டிக்கொள்கிறேன். துவைக்காமல் அனுப்பு.

இரவுத் தொழுகையில் அவரவர் பாவத்துக்கு அழுகிறார்கள். அவனை மன்னித்ததாகச் சொன்ன பொய்க்கு நான் அழுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவருபவர் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். பெருநாளன்று அவன் உனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்பானாம். நீயாவது உண்மையைச் சொல்லிவிடு, அம்மா.