வெட்டாமல் விட வேண்டிய மரங்கள்

தன்னாமுனை
20.02.2005

அன்புள்ள தம்பி அழகரத்தினத்துக்கு,

உன் கடிதமும் படங்களும் நேற்றுத்தான் கைக்கு வந்தன. அங்கே ஒரே காற்றில் அவ்வளவு காடும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தபோது, மார்கழியில் கடல் வந்து போன பிறகு நம் கரைகள் கிடந்த கிடை நினைவுக்கு வந்தது. விழுந்த மரங்களை எடுக்கப் போன உன் கூட்டாளி ஒருவரை மரம் துள்ளி அடித்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி வாசிக்க எனக்கு நேரம் எடுத்தது. நீ தனியாகக் காட்டுக்குள் போகாதே.

இங்கே நானும், நம் சின்னவன் நல்லரத்தினமும், அவன் மனைவி சின்னத்தங்கமும் இருக்கிறோம். சமாதானம் என்று பேப்பரில் போடுகிறார்கள். பொழுது பட்டால் ஒருவரும் படலை திறப்பதில்லை.

என் பயம் சின்னவனைப் பற்றியது. வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரை உப்புச் சேற்றில் நிற்கும் கண்ணா மரக் காட்டின் வேர்களுக்குள்தான் அவன் இறால் பிடிக்கிறான். பக்கத்து ஆமிக் காம்பில் நிற்கும் சிப்பாய்களுக்குக் காட்டுக்குள் ஆள் அசைவது தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. போன கிழமை அவனைப் பார்த்துத் துவக்கால் இரண்டு வெடி வைத்தார்கள். ஒன்று தோணியில் பட்டது. இவன் வந்து, "கொக்கு எண்டு நினைச்சிருப்பானுகள் அக்கா, நான் மெலிஞ்சு போனன்தானே" என்று சிரிக்கிறான். சின்னத்தங்கம் சிரிக்கவில்லை.

காட்டை முழுதாக வெட்டப் போவதாகக் காம்புக்குப் பொறுப்பான கப்டன் சொல்லியிருக்கிறார். வெட்டினால் இறால் இல்லை. வெட்டாவிட்டால் ஒரு நாளைக்கு அவன் இல்லை. மரங்களோடு வேலை செய்கிறவன் நீ. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா?

உன் அக்கா
அன்னப்பூரணி


தெற்கு சுவீடன்
14.03.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தனியாகப் போவதில்லை. பயப்படாதீர்கள்.

முன்பெல்லாம் இங்கே தை மாதத்தில் நிலம் கல்லாக உறைந்து வேர்களைப் பிடித்து வைத்திருக்கும். இப்போது குளிர் குறைந்துவிட்டது. நிலம் கூழாக இருந்த நேரத்தில் காற்று வந்தது. ஒரே இன மரத்தை வரிசை வரிசையாக நட்டதும் எங்கள் பிழைதான். இனி வெயில் வந்ததும், விழுந்த மரங்களில் வண்டு பிறந்து, நிற்கிற மரங்களின் பட்டைக்குள் போகும். அதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வேண்டும்.

வழி இருக்கிறது அக்கா. ஒரு காடு பலகையும் தர வேண்டும், தண்ணீரையும் காக்க வேண்டும், அடுத்த காற்றுக்கும் நிற்க வேண்டும் என்றால், முழுதாக வெட்டவும் கூடாது, முழுதாக விடவும் கூடாது. நெருங்கி நிற்கும் மெல்லிய மரங்களை எடுங்கள். பெரிய மரங்களை விடுங்கள். அவற்றிலும் ஆள் உயரத்துக்குக் கீழே உள்ள கொப்புகளைக் கழியுங்கள். வேரில் மட்டும் கை வைக்க வேண்டாம். காம்பில் நிற்பவருக்குச் சின்னவனின் முகம் தெரியும். இறாலுக்கு நிழலும் வேரும் இருக்கும்.

வெட்டும் மரத்துக்கு அடையாளம் தேவையில்லை. விடும் மரத்துக்குக் கட்டுங்கள். கண் முன்னே அடையாளம் இருந்தால் கத்தி பிடித்த கை தானாக நிற்கும். நாங்கள் கட்டும் செம்மஞ்சள் நாடா ஒரு சுருள் இத்துடன் அனுப்புகிறேன். அதில் சுவீடிஷ் மொழியில் இருப்பது நான் வேலை செய்யும் காட்டுச் சங்கத்தின் பெயர்தான்.

அன்புத் தம்பி
அழகரத்தினம்


தன்னாமுனை
09.07.2005

அன்புள்ள தம்பிக்கு,

நாடா வந்தது. வேலையும் முடிந்தது.

கப்டனிடம் நானே போனேன். என் அரைகுறைச் சிங்களத்தில் மரத்தைப் பற்றிச் சொன்னால் அவருக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு உதாரணம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் பிடிக்கும்போது ஒரு பிள்ளையையும் வெளியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு முகமும் தெரியும்படி நிறுத்துவோம். அப்படித்தான் இதுவும் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன் மகளின் வகுப்புப் படத்தை எடுத்துக் காட்டினார். "ஹரி, டீச்சர்" என்று சம்மதித்தார். அவ்வளவுதான்.

சின்னவனும் சின்னத்தங்கமும் நானும் நாடா கட்டினோம். "என்னக்கா, எல்லா மரத்துக்கும் தாலி கட்டியாச்சு. மறுகா கலியாணச் சோறு எப்ப?" என்று அவன் கேட்க, "முதல்ல கட்டின தாலிக்குச் சோறு போடுங்க" என்றாள் அவள்.

இப்போது அவன் தோணியில் போகும்போது காவலில் நிற்கும் பெடியனுக்குக் கை காட்டுகிறான். அவனும் காட்டுகிறான். இறால் இருக்கிறது. கழித்த கொப்பு அடுப்புக்கு ஆகிறது.

ஆனாலும் தம்பி, எனக்குப் பயம் விடவில்லை. கப்டனுக்கு இடமாற்றம் வரும் என்கிறார்கள்.

உன் அக்கா


தன்னாமுனை
22.08.2006

தம்பி,

சின்னவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை றோட்டில் கண்ணிவெடி வெடித்தது. புதிதாக வந்த ஆமிக்காரர் வாவிக்கரையைச் சல்லடை போட்டார்கள். நாடாவைக் கண்டார்கள். சின்னவன் அப்போது வலையோடு உள்ளே நின்றான். இது எந்த நாட்டு எழுத்து, எந்த மரத்தடியில் என்ன தாட்டிருக்கு என்று கேட்டு அடித்தார்களாம். நாடா கட்டிய மரங்களின் அடியைத் தோண்டிப் பார்த்தார்கள். சேறுதான் வந்தது.

நானும் சின்னத்தங்கமும் காம்பு வாசலில் நிற்கிறோம், வருகிறோம், திரும்பவும் போய் நிற்கிறோம். "நான்தான் கட்டினது, என்னைப் புடியுங்க" என்றேன். ஒருவன் சிரித்தான். "வூட்ட போ கிழவி" என்று தமிழிலேயே சொன்னான்.

நான் ஒரு மனிதரிடம் சம்மதம் வாங்கினேன், காம்பிடம் வாங்கவில்லை. வகுப்பாசிரியர் மாறினால் பழைய ஆசிரியர் கொடுத்த அனுமதி செல்லாது என்பது முப்பது வருஷம் படிப்பித்த எனக்குத் தெரியாதா?

சின்னத்தங்கம் ஒரு குறையும் சொல்லாமல் என்னோடு பேசுகிறாள். அதுதான் எனக்கு இன்னும் பயம். இன்று காலை, "மச்சாள், உசிரோட இருந்தாப் போதும், கை கால் இல்லாட்டியும் வரட்டும்" என்றாள்.

உன் சங்கத்தின் தலைப்புப் போட்ட தாளில், நாடா என்ன, எதற்கு என்று இங்கிலீசில் எழுதி, முத்திரை குத்தி, உடனே அனுப்பு. கொமினிகேசன் கடையில் இருந்து போனில் பேச முடியவில்லை. பக்கத்தில் ஆள் நின்று கேட்கிறது.

அக்கா


தெற்கு சுவீடன்
02.09.2006

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை எங்கள் அதிகாரியின் கையொப்பத்தோடு கூரியரில் அனுப்பிவிட்டேன். பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது.

இந்த வருஷம் கோடை நீண்டுவிட்டது. வண்டு இரண்டு தரம் குஞ்சு பொரித்தது. நிற்கிற மரங்களே பழுப்பாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. தினமும் நாடாவும் கையுமாகத்தான் போகிறேன். மரத்தைச் சுற்றிக் கட்டப் போய், கட்டாமலே சுருளைத் திரும்பப் பைக்குள் போட்டுவிடுகிறேன். கூட வருபவன் நாடா முடிந்துவிட்டதா என்று கேட்கிறான்.

கடையில் சும்மா கிடைக்கிற மாதிரியான ஒரு சாமான், அக்கா. யோசிக்காமல் அனுப்பினேன்.

நான் வருகிறேன். லீவு கேட்டுவிட்டேன். ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள்.

அழகரத்தினம்


18.10.2006

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவன் வந்துவிட்டான். உயிரோடு, கை கால்களோடு வந்துவிட்டான். முதலில் இதை வாசித்து மூச்சு விடு.

உன் கடிதத்தைக் காம்பின் பெரிய அதிகாரி ஒருவர் வாசித்தாராம். நம்பினார் போலத்தான் இருக்கிறது. "காட்டுக்குள் ஒன்றும் இல்லை என்றால் நல்லது, அப்ப காடு எதற்கு?" என்று கேட்டாராம். மறுநாள் பிடித்து வைத்திருந்தவர்களின் கையில் கத்தி கொடுத்தார்கள். நம் சின்னவனும் வெட்டினான். நாடா கட்டிய மரங்களைத்தான் முதலில் வெட்டச் சொன்னார்கள். வெட்டி முடித்த பிறகு, வீட்டுக்குப் போ என்று விட்டார்கள்.

இப்போது என் குசினியில் நின்றால் வாவி முழுக்கத் தெரிகிறது. காம்பும் தெரிகிறது. அரிசி களையும்போது கூட அவர்கள் பார்ப்பது போல இருக்கிறது. ஆனால் சின்னவனை யாரும் சுடவில்லை. அவன் தோணியில் ஏறுவதில்லை. வாகனச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறான். சின்னத்தங்கம் மூன்றாம் வீட்டில் நெல் குத்தப் போகிறாள்.

தம்பி, நீ வர வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தவனை முதலில் ஆமிக்காரர் விசாரிப்பார்கள். இரவில் வருகிற இயக்கப் பெடியன்களும் விசாரிப்பார்கள். கடிதமும் எழுத வேண்டாம். உன் கூரியர் வந்த நாளிலிருந்து, இந்த வீட்டுக்கு என்ன வருகிறது என்று தபால்காரரிடம் விசாரிக்கிறார்கள். இதைக் கொழும்புக்குப் போகும், என்னோடு படிப்பித்த ஸாலிஹா ரீச்சர் கொண்டுபோய்ப் போடுகிறார். அதனால்தான் ஊர்ப்பெயர் போடவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்ன வழி சரியான வழி. ஒரு வருஷம் அவன் பயமில்லாமல் இறால் பிடித்தான். அது பொய்யில்லை.

கடிதம் வராத மாதங்களில் உனக்கு ஏதும் நடந்துவிட்டது என்று நான் நினைக்க மாட்டேன். நீயும் எங்களை அப்படி நினைக்காதே. நினைத்தாலும், கேட்டு எழுதிவிடாதே.

உன் அக்கா