அந்தப் பெயரில் யாரும் படிக்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

அப்பு, உன் பெண்டாட்டி இன்று மதியமே வேலையிலிருந்து வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே, "அத்தை, காலேஜ்ல இருந்து பதில் வந்துடுச்சாம். அந்தப் பேர்ல யாரும் அங்க படிக்கலைன்னு எழுதிட்டாங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. யார் படிக்கவில்லை என்று கேட்டேன்.

"நான்தான்."

இந்த நாட்டில் நர்ஸ் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றால், சர்டிபிகேட்டைக் காட்டினால் மட்டும் போதாது. இங்கே ஓர் ஆபீஸ் இருக்கிறது. அவர்கள் நம் ஊர்க் காலேஜுக்கே எழுதி, இவள் படித்தது உண்மையா என்று கேட்பார்கள். ஆமாம் என்று பதில் வந்தால்தான் மேலே நகரும். இல்லை என்று வந்துவிட்டது.

லைசென்ஸ் வரும்வரைக்கும் என்று சொல்லித்தான் முதியோர் இல்லத்தில் இவளைத் துணை ஆளாக வைத்திருக்கிறார்கள். குளிப்பாட்டுவாள், ஊட்டிவிடுவாள், படுக்கை விரிப்பு மாற்றுவாள். மருந்தைத் தொடக் கூடாது. லைசென்ஸ் கிடைக்காது என்று ஆனால் அந்த வேலையும் போகும், விசாவும் போகும். நான், அவள், உன் மகள் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். போய் எங்கே இறங்குவது? உன் வைத்தியத்துக்கு வீட்டை விற்றாயிற்று.

குட்டி தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. சுள்ளென்று ஒன்று வைத்துவிட்டேன். பாவம், அது என்ன செய்யும்.

மார்ச் 5, புதன்

வாசல் மணி அடித்தது. போலீஸ்தான் என்று நினைத்துக் குட்டியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல்.

மார்ச் 7, வெள்ளி

ஆபீஸில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சரியான விளக்கம் வராவிட்டால் சர்டிபிகேட் போலி என்று எழுதிவிடுவார்களாம்.

"போலின்னு ஒரு தடவை எழுதிட்டா அவ்வளவுதான் அத்தை. அப்புறம் எந்த நாட்டுலயும் நான் ஊசியைத் தொட முடியாது."

காலேஜுக்கு போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவை யாரோ எடுத்து, சார் லீவு என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். எந்த சார் என்று கேட்கக்கூட விடவில்லை. "லீவுல இருக்கற சாருக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும் போல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு நினைப்பு வந்துவிட்டது அப்பு. எழுதக் கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இவள் படித்த காலேஜை நான் பார்த்ததில்லை. கூடப் படித்தவர்கள் என்று ஒருத்தியும் உங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா அம்மா இல்லாத பெண், சித்தப்பா ஒருத்தர் வந்து நின்றார், சாப்பிட்டார், போனார். நீதான் கூட்டிக்கொண்டு வந்து, அம்மா, இவ நர்ஸ் என்றாய். நான் சரி என்றேன். யாராவது மருமகளிடம் சர்டிபிகேட் கேட்பார்களா?

ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு உன்னை வீட்டில் வைத்துப் பார்த்தது இவள்தான். வலி தாங்காமல் நீ கத்தும்போது ஊசி போட்டது இவள்தான். டாக்டர் சொன்ன அளவு என்பாள். எனக்கு என்ன தெரியும்? நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். கடைசி நாள் காலையிலும் போட்டாள். நீ தூங்கினாய். எழுந்திருக்கவில்லை.

நர்ஸ்தானே போடுகிறாள் என்று நான் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ படிக்கவே இல்லேன்னா? அப்போ உனக்கு ஊசி போட்டது யாருடா? ஐயோ, யார் கையிலடா உன்னை விட்டு வெச்சிருந்தேன்?

மார்ச் 10, திங்கள்

காய் நறுக்கும்போது அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன அத்தை என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நல்ல பழகிய கைதான். ஆனால் என் கைகூடத்தான் பழகின கை.

மார்ச் 12, புதன்

கேட்டுவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். குட்டி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"நீ நெஜமாவே முழுசா படிச்சு முடிச்சியாம்மா?"

கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் மடித்தாள்.

"உங்களுக்குமா?"

நான் ஏதோ உளறினேன். ஆபீஸில் கேட்டால் நான் என்ன சொல்வது, அதற்குத்தான் என்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை அவள் பார்த்ததே இல்லை அப்பு.

"ஆபீஸுக்காகக் கேக்கல. எதை நெனச்சுக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியுது."

குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மடித்த துணியெல்லாம் என் பக்கத்தில் அப்படியே இருந்தது.

மார்ச் 13, வியாழன்

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அத்தை என்று சொல்லவில்லை. மறந்திருப்பாள்.

மார்ச் 15, சனி

மறக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்று காலேஜில் போனை எடுத்தார்கள். லீவில் இருந்த சாரே. உன் பெண்டாட்டி போனைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்களும் உக்காந்து கேளுங்க" என்றாள். குற்றவாளி மாதிரி உட்கார்ந்தேன்.

இவள் பேரைச் சொன்னாள், படித்த வருஷம் சொன்னாள், விடுதி வார்டன் பேர் சொன்னாள். அந்த ஆள் எடுத்த எடுப்பிலேயே எரிச்சல்பட்டார். ஏம்மா, அதான் பார்த்து எழுதி அனுப்பியாச்சே, அந்த எழுத்தில் அந்தப் பேரே கிடையாது என்றார்.

"எந்த எழுத்துல சார் பாத்தீங்க?"

அவர் சொன்னார். உன் எழுத்து, அப்பு. உன் பேரின் முதல் எழுத்து.

கல்யாணம் ஆனதும் நீ ஆசை ஆசையாக அலைந்து இவள் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா எழுத்தை எடுத்துவிட்டு உன் எழுத்தைப் போட்டாயே, அது. இங்கே ஆபீஸில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுது என்றார்கள், எழுதினாள். அவர்களும் அதே பேரைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டார்கள். படிக்கிற காலத்தில் இவளுக்கு நீ யாரோ. அப்பா எழுத்தில்தானே இருந்திருப்பாள்?

"எங்க ரிஜிஸ்டர்ல முதல்ல எழுத்து, அப்புறம்தாம்மா பேரு. எழுத்து மாறினா எங்களுக்கு ஆளே மாறின மாதிரி. நீங்கபாட்டுக்குத் தலைப்பெழுத்த மாத்திக்கிறீங்க, கடைசில திட்டு விழறது எங்க தலையெழுத்து."

அப்பா எழுத்தில் பார்க்கச் சொன்னாள். ஏடு புரளும் சத்தம் கேட்டது. அதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டால்?

"இருக்கே. முதல் வகுப்பாச்சே நீ. அறிவு வேணாமா, முன்னாடியே சொல்றதுக்கு?"

அவள் நன்றி சொல்லி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. குட்டிக்குப் பால் காய்ச்சப் போனாள். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுகை அவளுக்காகவா, உனக்காகவா, தெரியவில்லை. முதல் வகுப்பு, அப்பு. நல்ல கையில்தான் இருந்திருக்கிறாய்.

மார்ச் 20, வியாழன்

இரண்டு பேரிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று குடும்பத்தில் ஒருத்தர் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போனேன். இவங்க உங்களுக்கு யாரு என்று தமிழ் பேசும் வக்கீலம்மா கேட்டாள். மகள் என்று சொல்லிவிட்டேன். எழுதியவள், காகிதங்களைப் பார்த்து அதை அடித்துவிட்டாள். திரும்பக் கேட்டபோதும் மகள் என்றேன்.

"மகளா மருமகளா, தெளிவா சொல்லுங்கம்மா. பேர்ல ஆன குழப்பம் பத்தாதா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு இவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மருமகள்னு எழுதுங்க" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

ஆபீஸில் ஒத்துக்கொண்டார்கள். காலேஜும் ஆமாம் என்று எழுதிவிட்டது. ஆனால் பாஸ்போர்ட் ஒரு பேர், சர்டிபிகேட் ஒரு பேர் என்று இருந்தால் ஒவ்வொரு தடவையும் இதே பாடுதான், பழைய எழுத்துக்கே மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

"உங்க பையன் எழுத்தை எடுக்கணும். உங்களுக்குச் சம்மதமா?"

உங்க பையன். அவர் என்றுதான் எப்போதும் சொல்வாள்.

எடும்மா என்றேன். குட்டி பேரில் இருக்கிறாய், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் பாத்திரம் தேய்த்தாள். இரண்டே டம்ளர்தான் கிடந்தன.

மே 26, திங்கள்

லைசென்ஸ் வந்து, இன்று முதல் நாள் நர்ஸாக வேலைக்குப் போய் வந்தாள். சட்டையில் பேர் குத்தியிருக்கிறார்கள், அவள் அப்பா எழுத்தோடு. மருந்து வண்டியை இவளே தள்ளினாளாம். குட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் இங்கிருந்து கேட்டேன்.

போன வாரம் மன்னிப்பு மாதிரி ஒன்று கேட்டேன். பயத்தில் கேட்டுட்டேன்மா, மனசில் வெச்சுக்காதே என்றேன். "தெரியும். சாப்பிடுங்க" என்றாள். ஒரு குறை இல்லை. எனக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாள், பிரஷர் பார்க்கிறாள், கால் வீங்கினால் தலையணை வைக்கிறாள். அந்த இல்லத்தில் இருக்கிறவர்களையும் இப்படித்தான் பார்த்துக்கொள்வாள், முகம் கோணாமல்.

அத்தை மட்டும் இன்னும் வரவில்லை.

வாசல் மணிக்கு இப்போது பயமில்லை. இவள் வேலை முடிந்து சாவி போடும் சத்தத்துக்குத்தான் நெஞ்சு திக்கென்கிறது. இன்றைக்காவது கூப்பிடுவாளா, மாட்டாளா என்று.

உன்னோடும் சண்டை போட்டிருப்பாளே. அஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவன் நீ. இவள் ஒன்றை மனசில் வைத்தால் எவ்வளவு காலம் வைத்திருப்பாள், அப்பு?