மனுவோட வந்த தடி

நவம்பர், செவ்வாய்க்கிழமை

நித்திரை வரேல்லை. அந்த மனுசியின்ர முகம்தான் கண்ணுக்குள்ள நிக்குது.

ஆஸ்திரேலியாவில இருந்து வந்த பழங்குடிப் பெண். தங்கட ஆத்தங்கரை நிலத்தைத் திருப்பித் தரச்சொல்லி அவவின்ர பூட்டன் அந்தக் காலத்தில இங்கிலாந்து மகாராணிக்கு அனுப்பின மனு, நான் வேலை செய்யிற லண்டன் ஆவணக் காப்பகத்தில கிடக்கு. சேதி உண்மையெண்டு காட்ட, கோடு கீறின ஒரு சின்னத் தடியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

"தடியை நான் வீட்டை கொண்டுபோக ஏலுமோ?" எண்டு கேட்டா.

மனுவின்ர ஓரத்தில ரெண்டு குறிப்பு இருக்கு. லண்டன் அதிகாரி, "இது அங்கத்தை அரசாங்கத்தின்ர அலுவல்" எண்டு எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில இருந்த அதிகாரி, "லண்டன்தான் முடிவெடுக்க வேணும்" எண்டு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். பூட்டனுக்குப் பதில் போகவே இல்லை.

மனேஜரிட்டை ஓடினன். "அங்கத்தை அரசாங்கத்திட்டைக் கேக்கச் சொல்லும்" எண்டார். வந்து சொன்னன். அவ கோபிக்கேல்லை. பைக்குள்ள இருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினா. அங்கத்தை அரசாங்கம் எழுதினது. லண்டனிட்டைக் கேக்கட்டாம்.

தடியைப் பெட்டிக்குள்ள வைச்சு மூடினன். அவ பாத்துக்கொண்டே நிண்டவ.

ஆர் என்ன கேட்டாலும் பெட்டியில இருக்கிற தாளில முடிவை எழுதிவைக்க வேணும். நானும் எழுதினன்: "அங்கத்தை அரசாங்கத்திட்டைக் கேக்கச் சொல்லப்பட்டது."

பென்சிலை வைச்சிட்டு மனுவைத் திரும்பப் பாத்தன். அந்த லண்டன் அதிகாரியின்ர கையெழுத்து என்ரையை விட வடிவு. வித்தியாசம் அவ்வளவுதான்.